மைனஸ் 16 என்று குறித்த பையில் மைனஸ் 11இலேயே குளிர்ந்தது: குறை பையிலா, நான் சோதித்த முறையிலா?

நெடுவழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் நானும் நண்பர்கள் இருவரும் பனி மூடிய மலைப்பகுதியில் தொடர்ந்து ஐந்து இரவுகள் கூடாரத்தில் தங்கவிருக்கிறோம். அங்கே விடியலுக்குச் சற்று முன் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் வரை இறங்கக்கூடும். அதற்காகவே புதிதாக ஓர் உறக்கப் பை வாங்கினேன். வாத்துத் தூவி அடைத்த மம்மி வடிவப் பை அது. தூவி எவ்வளவு உப்பும் என்பதைக் குறிக்கும் ஃபில் பவர் 800. பையின் உட்புறத்தில் தைத்திருக்கும் சீட்டில் கம்ஃபர்ட் மைனஸ் 9, லிமிட் மைனஸ் 16, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 36 என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

நம்பிப் புறப்படுவதற்கு முன் உண்மையான குளிரில் ஒருமுறை படுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று, சென்ற வாரம் மலையில் ஓர் இரவு தங்கினேன். அன்று செய்ததையெல்லாம் மறைக்காமல் எழுதுகிறேன். கூடாரத்தை உறைந்த ஓடைக்கு அருகிலிருந்த சிறு பள்ளத்தில், காற்று படாத இடமாகப் பார்த்து அடித்தேன். கோடையில் பயன்படுத்தும் காற்றடைத்த விரிப்பையே கீழே போட்டேன். தரைக்கு வெப்பம் கசியாமல் தடுக்கும் திறனைக் குறிக்கும் அதன் ஆர் மதிப்பு 2. கம்பளி உள்ளாடை, தடித்த காலுறை, குல்லாய் ஆகியவற்றை அணிந்துகொண்டு, ஒரு லிட்டர் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைக் காலடியில் வைத்துப் பத்து மணிக்குப் படுத்தேன். முதல் நான்கு மணி நேரம் இதமாக இருந்தது. இரண்டரை மணிக்கு முதுகும் இடுப்பும் சில்லிட்டு விழித்தேன். தூவிக் கோட்டையும் மேலே அணிந்துகொண்ட பிறகு விட்டுவிட்டுத்தான் தூங்க முடிந்தது.

கூடாரத்துக்குள் தொங்கவிட்டிருந்த வெப்பமானி மூன்று மணிக்கு மைனஸ் 8 காட்டியது. 600 மீட்டர் கீழே இருக்கும் ஊருக்கு அன்றைய முன்னறிவிப்பு மைனஸ் 7. உயரம் கூடக் கூடக் குளிரும் கூடும் என்ற கணக்கில் வெளியே மைனஸ் 11 இருந்திருக்கும் என்று கொண்டேன். மைனஸ் 16 வரை தாங்கும் என்று எழுதப்பட்ட பை மைனஸ் 11இலேயே கைவிட்டுவிட்டது என்றால் அதைத் திருப்பிக் கொடுப்பதா, அல்லது சோதனையை நான்தான் பிழையாகச் செய்தேனா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பனிவரை

நண்பரே, பையைத் திருப்பிக் கொடுக்க இப்போது அவசரப்பட வேண்டாம். நீங்கள் விவரித்த இரவு பையைச் சோதித்ததை விட விரிப்பைத்தான் அதிகம் சோதித்திருக்கிறது.

முதலில் அந்தச் சீட்டில் இருக்கும் மூன்று எண்களும் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பார்ப்போம். 2002இல் வந்த ஈஎன் 13537 என்ற ஐரோப்பியத் தர நிர்ணயமும், அதன் இடத்தை 2016இல் பிடித்த ஐஎஸ்ஓ 23537உம் வகுத்த முறைப்படி, உடல்போல் சூடாக்கப்பட்ட மனித உருவப் பொம்மைக்கு நீண்ட உள்ளாடையும் காலுறையும் அணிவித்து, பையின் தலைமூடியை இறுக்கிக் குளிரறையில் படுக்க வைத்து, அதன் சூட்டை நிலையாக வைத்திருக்க எவ்வளவு மின்னாற்றல் செலவாகிறது என்று அளக்கிறார்கள். அந்த அளவிலிருந்து கணக்கிட்டு வருபவைதாம் உங்கள் எண்கள். கம்ஃபர்ட் என்பது 60 கிலோ எடையும் 1.60 மீட்டர் உயரமும் உள்ள 25 வயதுப் பெண், உடலைத் தளர்த்திக் கிடந்தபடி குளிரை உணராமல் இருக்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது 73 கிலோ எடையும் 1.73 மீட்டர் உயரமும் உள்ள 25 வயது ஆண், உடலைக் குறுக்கிச் சுருண்டு படுத்து, நடுங்காமல் சமாளிக்கும் எல்லை. எக்ஸ்ட்ரீமைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அது அந்தப் பெண் ஆறு மணி நேரம் உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்காமல் உயிர் தாங்குவதைக் குறிக்கிறதே தவிர, தூக்கத்தைக் குறிக்கவில்லை. ஆகவே உங்கள் பை "மைனஸ் 16 பை" அன்று. மல்லாந்து படுக்கும் பழக்கமுள்ள எவருக்கும் அதை மைனஸ் 9 பை என்று வைத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு.

இனி விரிப்புக்கு வருகிறேன். ஆய்வகத்தில் அந்தப் பொம்மை படுக்கும் விரிப்பின் ஆர் மதிப்பு ஏறத்தாழ 5. நீங்கள் படுத்ததோ 2. உடலின் அடியில் அகப்பட்ட தூவி நசுங்கித் தட்டையாகிவிடுவதால் அங்கே பை இருந்தும் இல்லாதது போலத்தான். தரைக்கும் முதுகுக்கும் நடுவே காப்பாக நிற்பது விரிப்பு ஒன்றே. ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உடல் விரிப்பில் அழுந்தும் பரப்பு 0.4 சதுர மீட்டர், தோலின் சூடு 33 டிகிரி, விரிப்புக்கு அடியில் பனி மைனஸ் 2 டிகிரி என்று கொண்டால், ஆர் 2 விரிப்பின் வழியாகக் கசியும் வெப்பம் 40 வாட். அதே கணக்கு ஆர் 5 விரிப்புக்கு 16 வாட்டில் முடிகிறது. தூங்கும் உடல் உண்டாக்கும் வெப்பமே மொத்தம் 75 வாட் அளவுக்குத்தான் இருக்கும். அதில் பாதிக்கு மேல் தரைக்குப் போய்விட்டால் எப்பேர்ப்பட்ட பையும் என்ன செய்யும்? நீங்கள் முதுகும் இடுப்பும் சில்லிட்டதாகச் சொல்கிறீர்கள். மார்பும் தோளும் என்று சொல்லவில்லை. அந்த ஒரு வரியிலேயே காரணம் தெரிந்துவிடுகிறது.

வெந்நீர் பாட்டிலும் சோதனையைக் குழப்பியிருக்கிறது. ஒரு லிட்டர் நீர் 80 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஆறும்போது 188 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. ஐந்து மணி நேரத்துக்கு அதைப் பகிர்ந்தால் 10 வாட்டுக்குச் சற்று மேல். பத்து மணிக்கு வைத்த பாட்டில் இரண்டரைக்குள் பெரும்பாலும் ஆறியிருக்கும். நீங்கள் விழித்த நேரமும் அதுவே. பயணத்தில் பாட்டிலைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். சோதனை இரவில் மட்டும் அது வேண்டாம், ஏனென்றால் இதமாக இருந்தது பையாலா பாட்டிலாலா என்று பிறகு பிரித்தறிய முடியாது.

அடுத்த முறை வேறு எதையும் மாற்றாமல், பாட்டிலை விட்டுவிட்டு, விரிப்பை மட்டும் சரிசெய்துகொண்டு படுத்துப் பாருங்கள். ஆர் மதிப்புகளை ஒன்றோடொன்று கூட்டலாம் என்பதால், ஆர் 2 உள்ள ஃபோம் விரிப்பைக் கீழேயும் ஆர் 3க்கு மேற்பட்ட காற்று விரிப்பை அதன்மேலும் போட்டால் போதும். 2018இல் வந்த ஏஎஸ்டிஎம் எஃப்3340 முறைப்படி அளந்த மதிப்பா என்பதை மட்டும் கவனியுங்கள். அதற்கு முன்பு ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் வழியில் அளந்து எழுதியதால் பழைய எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

முகட்டுநிழல்

பனிவரை சொன்னவற்றை முழுமையாக ஏற்கிறேன். மைனஸ் 11 என்ற அந்த எண்ணைப் பற்றி மட்டும் ஒரு சொல்.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது காற்று நன்கு கலந்திருக்கும் வேளைக்கான கணக்கு. காற்றடங்கி வானம் தெளிந்த குளிர்கால இரவில் அது பொய்த்துப்போகும். தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து குளிர, அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்து, சரிவு வழியே நீர்போல வழிந்து பள்ளங்களில் தேங்கும். நீங்கள் காற்றுக்கு ஒதுங்குவதாக எண்ணி இறங்கிய ஓடைப் பள்ளம் அப்படிக் குளிர் தேங்கும் இடம். அங்கே மைனஸ் 15 இருந்திருந்தாலும் நான் வியப்படைய மாட்டேன். வானம் மூடியிருந்திருந்தால் மைனஸ் 9ஆகவும் இருந்திருக்கலாம். அளக்காத எண்ணைக் கொண்டு பையைக் குற்றம் சொல்வது நியாயமாகாது.

மிகக் குறைந்த அளவைத் தானே நினைவில் வைக்கும் வெப்பமானிகள் இரண்டை எடுத்துச் செல்லுங்கள். ஒன்றைக் கூடாரத்துக்கு வெளியே, பனியைத் தொடாமல், முழங்கால் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். மற்றொன்று கூடாரத்துக்குள், தலைமாட்டில், உங்கள் மூச்சுக்காற்று படாத பக்கமாக இருக்கட்டும். உங்கள் உடல் தங்கியிருப்பது உள்ளே இருக்கும் காற்றில் என்பதால் பையை ஒப்பிட வேண்டியது உள்ளே பதிவான எண்ணோடுதான். வெளி எண் அன்றைய இரவைப் பிற இரவுகளோடு ஒப்பிட உதவும். கைப்பேசியை நம்ப வேண்டாம். அது உங்கள் உடற்சூட்டையும் சேர்த்து அளக்கும், அல்லது குளிரில் மின்கலம் அடங்கி நின்றுவிடும்.

கூடாரத்தை அடுத்த முறை சரிவின் நடுவில், பள்ளத்திலிருந்து இருபது முப்பது மீட்டர் மேலே, பனிச்சரிவு அபாயம் இல்லாத இடமாகப் பார்த்து அடியுங்கள். அருகில் மரங்கள் இருந்தால் இன்னும் நல்லது.

தூவி

வணக்கம். பல ஆண்டுகளாகக் குளிர்காலப் பயணங்களில் புதியவர்களை அழைத்துச் செல்பவள் என்ற முறையில், இதுவரை யாரும் தொடாத இரண்டைச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் பயணம் ஐந்து இரவு என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலாவது, ஈரம். ஓர் இரவுச் சோதனையில் வென்ற பை நான்காம் இரவில் தோற்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வியர்க்காவிட்டாலும் உடல் இரவெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நீராவியை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மிதமான குளிரில் அது பையைத் தாண்டி வெளியே போய்விடும். கடுங்குளிரிலோ, பையின் உட்புறம் 30 டிகிரியும் மேற்புறம் மைனஸ் 10 டிகிரியுமாக இருக்கும்போது, தூவியின் நடுவே எங்கோ ஓரிடத்தில் அந்த ஆவி நீராகி, இன்னும் சற்று வெளியே பனிக்கட்டியாகிறது. ஈரம் பட்ட தூவி ஒட்டிக்கொண்டு உப்பும் தன்மையை இழக்கும். உப்பல் குறைந்தால் அதில் சிறைப்பட்டிருக்கும் காற்றும் குறையும். குளிரைத் தடுப்பது அந்தக் காற்றுத்தான்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அன்டார்க்டிகாவே சாட்சி. 1911இன் துருவக் குளிர்காலத்தில், எட்வர்ட் வில்சன் தலைமையில் மூவர், பென்குவின் முட்டைகளைத் தேடி ஐந்து வாரம் இருளில் நடந்தார்கள். புறப்படும்போது 8 கிலோ இருந்த ஓர் உறக்கப் பை, திரும்பியபோது பனிக்கட்டி ஏறி 20 கிலோவாகியிருந்தது. அது கலைமான் தோல் பை. காலமும் வேறு, குளிரும் வேறு. ஆனாலும் மனித மூச்சும் வியர்வையும் மாறவில்லை. உங்கள் சீட்டில் இருக்கும் எண்களைத் தந்த தர நிர்ணயம், அதிதீவிரக் குளிர்ப் பயணத்துக்கான பைகளைத் தன் வரம்புக்குள் எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள். ஆய்வகத்தில் ஒரு பை தொடர்ந்து ஐந்து இரவுகள் ஈரம் வாங்கிக் கிடப்பதில்லை.

ஆகவே ஒரு சிறு தராசு கொண்டு, படுப்பதற்கு முன்னும் எழுந்த உடனேயும் பையை எடை போடுங்கள். கூடிய எடை முழுவதும் நீர்தான். இயன்றால் தொடர்ந்து இரண்டு இரவுகள் தங்கி, நடுவில் பையைச் சூடான அறைக்குக் கொண்டுபோகாமல், பகலிலும் வெளியிலேயே வைத்துச் சோதியுங்கள். காலையில் எழுந்ததும், பைக்குள் இருக்கும் சூடான ஈரக்காற்று உறைவதற்குள், காலடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தி உருட்டி அதை வெளியேற்றிவிட வேண்டும். வெயில் வந்தால் ஒரு மணி நேரமாவது விரித்துப் போடுங்கள். குளிருகிறதே என்று முகத்தைப் பைக்குள் இழுத்துக்கொண்டு மூச்சுவிடாதீர்கள். மூக்கும் வாயும் வெளியே இருக்க, தலைமூடியின் கயிற்றை இறுக்குங்கள். செயற்கை இழை அடைத்த மெல்லிய பை ஒன்றை மேலே போர்த்துக்கொண்டால், நீர் உறையும் இடம் தூவியை விட்டு அந்த வெளிப்பைக்கு நகர்ந்துவிடும். செயற்கை இழை ஈரத்தைத் தூவியை விட நன்றாகத் தாங்கும். நீராவி புகாத உள்ளுறையைப் பைக்குள் அணிவது இன்னொரு வழி. ஆனால் அதில் உடல் பிசுபிசுக்கும். பழகாமல் முதன்முதலாகப் பயணத்தில் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

இரண்டாவது, உங்கள் பாதுகாப்பு. அன்றிரவு எங்கே, யாருடன் தங்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தனியாக என்றால், தயவுசெய்து மறுமுறை அப்படிச் செய்யாதீர்கள். பையின் எல்லையைத் தேடுவதற்காகவே படுக்கும் இரவு, தோல்வியை எதிர்பார்த்தே படுக்கும் இரவு. பத்து நிமிட நடையில் வாகனமோ சூடான அறையோ இருக்க வேண்டும். துணைக்கு ஒருவரும், பிரிக்காத இன்னொரு பையும் இருக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் சோதனையை நிறுத்துவது என்பதை மாலையிலேயே, தெளிந்த அறிவோடு இருக்கும்போதே முடிவு செய்து துணைவரிடம் சொல்லிவிடுங்கள். கூடுதல் உடையை அணிந்து அரை மணி நேரம் ஆகியும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் எழுந்துவிட வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் விதி. உடலின் உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது ஹைப்போதெர்மியா. அந்நிலையில் பேச்சு குழறும், விரல்கள் ஜிப்பைப் பிடிக்க மறுக்கும், எல்லாவற்றையும் விட மோசமாகத் தீர்மானிக்கும் திறன் மங்கும். உடல் சூடேறாமலேயே நடுக்கம் மட்டும் நின்றுவிட்டால் அதைத் தேறிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. கூடாரத்தை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு எரிக்கவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

நெடுவழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தூவி அம்மா கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன்: அன்று நான் தனியாகத்தான் தங்கினேன், வாகனம் ஒரு மணி நேர நடையில் இருந்தது. அது தவறு என்பதை உங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

இம்முறை பயணத்துக்கு வரவிருக்கும் நண்பர் ஒருவருடன், வாகனத்துக்கு அருகிலேயே, சரிவின் நடுவில், பனியை மிதித்துக் கெட்டிப்படுத்திக் கூடாரம் அடித்து, இரண்டு இரவுகள் தங்கினேன். அதே பை, அதே உடை. பாட்டில் இல்லை, கோட்டு இல்லை. கீழே ஆர் 2 ஃபோம் விரிப்பும் அதன்மேல் ஆர் 3.5 காற்று விரிப்பும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பையை உறையிலிருந்து எடுத்து உதறி உப்ப விட்டேன்; முதல் முறை அதைப் படுக்கும் வேளையில்தான் பிரித்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதல் இரவு வெளியே மிகக் குறைந்தது மைனஸ் 14, உள்ளே மைனஸ் 12. ஐந்து மணி வரை ஒருமுறைகூட விழிக்கவில்லை. முதுகு குளிரவே இல்லை. ஐந்து மணிக்குத் தோள் குளிர்ந்து விழித்தபோது, கழுத்தைச் சுற்றி இருக்கும் தூவிப் பட்டையின் கொக்கி கழன்றிருந்தது தெரிந்தது. அதை மாட்டியதும் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. பையின் எடை இரவு 1,420 கிராம், காலை 1,490 கிராம்.

இரண்டாம் இரவு உள்ளே மைனஸ் 11தான். ஆனால் மூன்று மணிக்கே கால் விரல்கள் குளிர்ந்தன. பகல் முழுவதும் மேகமூட்டம் என்பதால் பை உலரவில்லை. இரண்டாம் காலை எடை 1,545 கிராம். காலடிப் பகுதியில் தூவி சிறு கட்டிகளாகத் திரண்டிருந்ததைக் கையால் தொட்டுப் பார்த்தேன். முதல் இரவை விட ஒரு டிகிரி சூடான இரவில் கூடுதலாகக் குளிர்ந்ததற்கு வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

இனி என் கேள்வி இதுதான். மைனஸ் 12இல் தாங்கிய இந்த அமைப்பை வைத்து மைனஸ் 18க்குப் போகலாமா?

பனிவரை

இப்போது உங்களிடம் இருப்பவை உங்கள் உடலே தந்த எண்கள். அவற்றைக் கொண்டே கணக்கிடலாம். தோலின் சூட்டை 33 டிகிரி என்று கொண்டால், மைனஸ் 12இல் உடலுக்கும் காற்றுக்கும் இடைவெளி 45 டிகிரி; மைனஸ் 18இல் 51 டிகிரி. உடல் உண்டாக்கும் வெப்பம் அதே அளவில் நிற்க வேண்டுமானால் காப்பு 51க்கு 45 என்ற விகிதத்தில், அதாவது ஏறத்தாழ 13 விழுக்காடு, கூட வேண்டும். உள்ளே மைனஸ் 18 என்று வைத்துக்கொள்வது சற்றே கடுமையான கணக்குத்தான், ஏனென்றால் உங்கள் கூடாரம் இரண்டு டிகிரி தாங்கிக்கொடுத்திருக்கிறது. இருந்தாலும் அந்த இரண்டு டிகிரியைக் கையிருப்பாக விட்டுவிடுங்கள்.

அந்த 13 விழுக்காட்டைத் தூவிக் கோட்டு தந்துவிடும். ஆனால் அதைப் பைக்குள் அணியும்போது பையின் தூவி உள்ளிருந்து நசுங்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்கக் கூடாது. இறுக்கமாக இருந்தால் மார்புக்கு மேல் போர்வைபோல் விரித்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பைக்கு இது போதும். ஈரத்துக்கு இது போதாது. இரண்டு இரவில் 125 கிராம் ஏறிய பையில் ஐந்தாம் இரவு என்ன ஏறியிருக்கும் என்பதை வானம்தான் தீர்மானிக்கும் என்றால், அந்தத் தீர்மானத்தை நான் வானத்திடம் விட மாட்டேன். தூவி அம்மா சொன்ன மெல்லிய செயற்கை இழை வெளிப்பையைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அது காப்பையும் கூட்டும், ஈரத்தையும் தன்மேல் வாங்கிக்கொள்ளும். அது உள்பையை நசுக்காதபடி அகலமாக இருக்கட்டும்.

தூவி

வெளிப்பையோடு ஓர் இரவாவது அதே இடத்தில் படுத்துப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். உள்பை, வெளிப்பை இரண்டின் எடையையும் தனித்தனியே குறியுங்கள். கூடிய எடை வெளிப்பையில் இருந்தால் அமைப்பு வேலை செய்கிறது என்று பொருள். உள்பையிலேயே இருந்தால் இங்கே எழுதுங்கள், உள்ளுறையைப் பற்றிப் பேசுவோம். உங்கள் நண்பர்கள் இருவரும் தத்தம் பைகளோடும் விரிப்புகளோடும் வந்து அதே இரவில் படுக்க வேண்டும். உங்கள் உடல் தந்த எண் அவர்களுக்குப் பொருந்தாது.

நெடுவழி

அப்படியே செய்கிறோம். வரும் சனிக்கிழமை இரவு மூவரும் செல்கிறோம். தராசும் வெப்பமானிகளும் எடுத்து வைத்துவிட்டேன். ஞாயிறு மாலை மூன்று பைகளின் எடையையும் இங்கே பதிகிறேன்.